ஓர் உணரி, பல்லாயிரம் மறைப்புகள்: ஒற்றைப் பிக்சல் படங்களில் அளந்தது எது, ஊகித்தது எது?

1. கேள்வி

செஞ்சிப் பகுதியின் இரு காட்சிகளை இக்கட்டுரை சோதனைப் பொருளாக எடுத்துக்கொள்கிறது. ஒன்று, நண்பகலில் ராஜகிரி மலைச்சரிவு. பாறைக்கு மேல் பாறையாகக் குவிந்த அந்தச் சரிவில் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு விளிம்பு, ஒரு நிழல், இடுக்கில் ஒரு முட்செடி. மற்றொன்று, அங்கிருந்து ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் உள்ள மேல்மலையனூரின் அமாவாசை நள்ளிரவு. அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்குக் கூடிய கூட்டம் இருளில் கரைந்து கிடக்க, அங்கங்கே எரியும் சூடம் மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. (இன்று அந்த வளாகத்தை மின்விளக்குகள் பகலாக்கிவிடுகின்றன. நான் சொல்வது மின்சாரம் வருவதற்கு முந்தைய ஓர் இரவு என்று வைத்துக்கொள்ளலாம்.)

இந்த இரண்டையும் ஒரே ஒரு ஒளியுணரி கொண்ட கருவியால் படம்பிடிக்க முடியுமா? முடியும். 2006இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் பரானியுக், கெவின் கெல்லி குழுவினர் அத்தகைய ‘ஒற்றைப் பிக்சல் கேமரா’வை விவரித்தனர். அதற்குப் பின்னணியாக இருந்த ‘கம்ப்ரஸ்டு சென்சிங்’ என்னும் கணிதத்தை (இனி, சுருக்க உணர்தல்) இமானுவேல் காண்டெஸ், ஜஸ்டின் ராம்பர்க், டெரன்ஸ் டாவ் ஆகியோரும் டேவிட் டோனோஹோவும் அதே ஆண்டு வெளியான கட்டுரைகளில் நிறுவினர்.

இது பற்றிய பொதுவான விளக்கங்கள் மூன்று கருத்துகளை மீண்டும் மீண்டும் சொல்கின்றன: லென்சின் வேலையைக் கணிதம் ஏற்றுக்கொண்டது, நைக்விஸ்ட்–ஷானன் தேற்றம் முறியடிக்கப்பட்டது, குறைந்த தகவலிலிருந்து முழுப் படம் கிடைத்துவிட்டது. முதலாவது வெறும் தகவல் பிழை: ரைஸ் கேமராவில் லென்சுகள் இருந்தன. இரண்டாவது தவறான புரிதல். காட்சியைப் பற்றி அலைவரிசை எல்லை தவிர வேறொன்றும் தெரியாதபோது எவ்வளவு அடர்த்தியாக அளந்தால் போதும் என்பதைத்தான் அந்தத் தேற்றம் சொல்கிறது. கூடுதலாக ஏதேனும் தெரிந்திருந்தால் குறைவாக அளக்கலாம் என்பதற்கு அது தடை சொல்லவில்லை. மூன்றாவது கருத்துதான் ஆராயத்தக்கது. அளக்காமல் விட்ட பகுதி படத்துக்குள் எங்கிருந்து வந்தது? ராஜகிரிக்கும் மேல்மலையனூர் இரவுக்கும் இக்கேள்வியின் விடை ஒன்றாக இருக்காது என்பதே என் வாதம்.

2. கருவி

கைபேசிக் கேமராவில் லென்சின் பின்னால் கோடிக்கணக்கான உணரிகள் வரிசையாக இருக்கின்றன. காட்சியின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் உணரி. ஒற்றைப் பிக்சல் கேமராவில் அந்த இடத்தில் நுண்ணாடிச் சில்லு இருக்கிறது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் லாரி ஹார்ன்பெக் 1987இல் உருவாக்கிய இந்தச் சில்லு, திரையரங்குகளின் டி.எல்.பி. ப்ரொஜெக்டர்களில் இருப்பதே. ரைஸ் குழு பயன்படுத்தியதில் 1024 × 768 ஆடிகள் இருந்தன. ஒவ்வொன்றும் இரண்டு பக்கங்களில் ஏதேனும் ஒன்றுக்குச் சாயும். ஒரு பக்கம் சாய்ந்தால் அதன்மேல் விழும் ஒளி உணரிக்குப் போகும். மறுபக்கம் சாய்ந்தால் வீணாகும்.

ஆடிகளில் ஏறத்தாழப் பாதியை ஒரு பக்கமும் மீதியை மறுபக்கமும், எந்த ஒழுங்கும் இல்லாமல், சாய்த்து வைக்கிறோம். உணரியில் விழும் மொத்த ஒளி ஓர் எண்ணாகப் பதிவாகிறது. பிறகு வேறொரு கலவை, வேறோர் எண். ஒவ்வோர் எண்ணும் காட்சியின் ஏதோ பாதிப் புள்ளிகளின் கூட்டுத்தொகை. எந்தப் பாதி என்பது நமக்குத் தெரியும். எனவே ஒவ்வோர் அளவீடும் ஒரு சமன்பாடு. 64 × 64 புள்ளிகள் கொண்ட படத்தில் 4,096 மாறிகள் உண்டு. 4,096 தகுந்த மறைப்புகள் (அதாவது இப்படிப்பட்ட ஆடிக் கலவைகள்) இருந்தால் எல்லா மாறிகளையும் தீர்த்துவிடலாம். பள்ளி இயற்கணிதத்தின் பெரிய வடிவம், அவ்வளவே.

ரைஸ் குழுவின் வியப்பு இதற்கு அடுத்த படியில் தொடங்குகிறது. 4,096 புள்ளிகள் கொண்ட ஒரு கால்பந்தின் கருப்பு–வெள்ளைப் படத்தை அவர்கள் 1,600 அளவீடுகளில் மீட்டனர். மங்கிய ஒளியில், ஒளிப்பெருக்கிக் குழாயைக் கொண்டு, 65,536 புள்ளிகள் கொண்ட ஒரு வண்ணப் படத்தை 6,500 அளவீடுகளில் மீட்டனர். முதலாவதில் 39 விழுக்காடு. இரண்டாவதில் ஏறத்தாழ 10 விழுக்காடு. மாறிகளைவிடச் சமன்பாடுகள் குறைந்தால் தீர்வுகள் எண்ணற்றவை என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த எண்ணற்ற படங்களில் ஒன்றை மட்டும் கணினி எப்படித் தேர்ந்தெடுத்தது?

3. குறைவான அளவீடு எப்போது போதும்

இதற்கு விடை சொல்ல ஒளியியலைச் சற்று விட்டுவிட்டு 2020ஆம் ஆண்டின் கொரோனாப் பரிசோதனைக் கூடங்களுக்குப் போவது நல்லது. அங்கே நடந்ததும் இதே கணக்குதான்.

அந்த ஆண்டு ஏப்ரலில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதிகபட்சம் ஐந்து பேரின் மாதிரிகளை ஒன்றாகக் கலந்து ஒரே பரிசோதனை செய்யலாம் என்று அறிவுறுத்தியது. கலவையில் தொற்று இல்லையென்றால் ஐவரும் தப்பினர். இருந்தால் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். அறிவுரையோடு ஒரு நிபந்தனையும் வந்தது. தொற்று விகிதம் 2 விழுக்காட்டுக்குக் கீழுள்ள பகுதிகளுக்கே இது ஏற்றது; 5 விழுக்காட்டைத் தாண்டிய இடங்களில் கூடாது. காரணம் வெளிப்படை. தொற்றாளர் ஒருசிலராக இருக்கும்வரைதான் கலப்பதில் சேமிப்பு உண்டு. பம்பாய் ஐ.ஐ.டி.யின் மனோஜ் கோபாலகிருஷ்ணன், அஜித் ராஜ்வாடே குழுவினர் ‘டேப்பெஸ்ட்ரி’ என்ற பெயரில் இதை ஒரு படி மேலே கொண்டுசென்றனர். ஒவ்வொருவரின் மாதிரியும் மூன்று வெவ்வேறு கலவைகளில் சேரும். எந்தெந்தக் கலவையில் எவ்வளவு வைரஸ் என்பதைக் கொண்டு, மறுசோதனை இல்லாமலேயே, தொற்றாளர் யார் என்று கணக்கிடுவார்கள். அவர்கள் கையாண்டது சுருக்க உணர்தலின் கணிதமே.

பெரும்பாலான எண்கள் சுழியாகவும் ஒருசில மட்டும் பெரிதாகவும் இருக்கும் நிலையை இக்கட்டுரை ‘ஐதான’ என்று குறிக்கும். மேல்மலையனூரின் அமாவாசை இரவு நேரடியாகவே ஐதான காட்சி: 4,096 புள்ளிகளில் நூறு இடங்களில் சூடம் எரிந்தால் மற்றவை கருப்பு. அதை ஒவ்வொரு புள்ளியாக அளந்து, பத்தில் ஒரு பங்கோடு நிறுத்தினால், பத்தில் ஒன்பது சுடர்கள் விடுபட்டுப் போகும். ஒவ்வோர் அளவீட்டிலும் பாதிப் புள்ளிகளைக் கலந்தாலோ, எந்தச் சுடரும் முழுதாகத் தப்ப முடியாது. ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பாதி அளவீடுகளில் தன் பங்கைச் சேர்த்துவிட்டுப் போகிறது. எந்தப் பாதி என்பது அது இருக்கும் இடத்தைப் பொறுத்தது. மறைப்புகள் ஒழுங்கற்று இருப்பதால் இரு வேறு இடங்களின் பதிவுகள் ஒன்றையொன்று ஒத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. குலுக்கலாக மறைப்பதன் பயன் இதுவே.

இனித் தேர்வு. அளவீடுகளோடு பொருந்தும் எண்ணற்ற படங்களில், புள்ளி மதிப்புகளின் வர்க்கங்களைக் கூட்டி அந்தத் தொகை மிகச் சிறிதாக உள்ள படத்தைப் பழைய முறை எடுக்கும். அது ஒளியை எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவிவிடும். வர்க்கங்களுக்குப் பதில் குறியற்ற மதிப்புகளைக் கூட்டி அந்தத் தொகையைச் சிறிதாக்கினால், விடை ஐதான படத்தின் பக்கம் சாய்கிறது. காட்சி போதுமான அளவு ஐதாக இருந்தால், அந்த விடை தோராயமாக அன்றி அப்படியே சரியாக இருக்கும் என்று நிறுவியதே காண்டெஸ்–டாவ்–டோனோஹோ வழியின் சாதனை. தேவைப்படும் அளவீடுகளின் எண்ணிக்கை சுடர்களின் எண்ணிக்கையைப் போலச் சில மடங்கு. மொத்தப் புள்ளிகள் பெருகினால் அது மடக்கை அளவில் மெதுவாகவே கூடுகிறது.

ராஜகிரிச் சரிவு? அதில் கருப்பு இடமே இல்லை. ஆனால் படங்களை ஐதாக்க வேறு வழிகள் உண்டு. ஒரு படத்தைப் பெரிய தளங்கள், அவற்றின் விளிம்புகள், விளிம்புகளுக்குள் நுண்விவரங்கள் என்று அடுக்கடுக்காகப் பிரித்தால் பெரும்பாலான நுண்விவர எண்கள் சுழிக்கு அருகில் நிற்கும். ஜேபெக் கோப்பு சிறிதாவதும் இத்தகைய காரணத்தால்தான். வானமும் மதில்சுவரும் அப்படிச் சுருங்கும். உடைந்த பாறைகளும் முட்புதரும் அவ்வளவு எளிதில் சுருங்காது. அங்கே நுண்விவரமே காட்சி. ஆகவே ஒரே கருவி, ஒரே மறைப்புகள், ஒரே எண்ணிக்கை அளவீடுகள். ஆனால் மேல்மலையனூர் இரவு கச்சிதமாக வரும். ராஜகிரி வழவழப்பாக, களிமண்ணில் பிடித்துவைத்ததுபோல வரும். 5 விழுக்காட்டைத் தாண்டிய ஊரில் மாதிரிகளைக் கலப்பதன் நிலை அது.

இந்த விளக்கத்திலும் ஓர் ஓட்டை உண்டு. பென் ஆட்காக், ஆண்டர்ஸ் ஹான்சென் குழுவினர் ஒரு சோதனை செய்தனர். ஒரு படத்தின் நுண்விவர எண்களை அதே எண்ணிக்கையில் வைத்துக்கொண்டு, வரிசையை மட்டும் தலைகீழாக்கி, அதே அளவீட்டு முறையில் மீட்டுப் பார்த்தனர். எண்கள் முன்போலவே ஐதாக இருந்தும், நடைமுறையில் பயன்படும் பல அளவீட்டு முறைகளில் மீட்பு தோற்றது. ஐதாக இருப்பது மட்டும் போதாது. பெரிய எண்கள் எந்த அடுக்குகளில் குவிகின்றன என்ற அமைப்பும் கைகொடுத்திருக்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று. ‘எந்தக் காட்சிக்கும் ஒரே குலுக்கல் போதும்’ என்ற தொடக்ககால உற்சாகத்துக்கு இது நல்ல திருத்தம்.

4. முத்தோரையில் நிலவே மறைப்பு

ஓர் உணரி, தெரிந்த ஒரு மறைப்பு, மாறும் மொத்த ஒளி: இந்த மூன்றிலிருந்து படம் காணும் வழக்கம் 2006இல் பிறந்ததன்று. தமிழ்நாட்டிலேயே அதற்கு முன்னோடி உண்டு. அதை ஒற்றைப் பிக்சல் கேமராவோடு சேர்த்துப் பேசும் வழக்கம் மட்டும் இல்லை.

டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில், உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில், 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கி 1970இல் செயல்படத் தொடங்கியது. அந்த இடத்தின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை. அதே சாய்வுள்ள மலைச்சரிவைத் தேடிப்பிடித்துத் தொலைநோக்கியை வடக்கு–தெற்காகக் கிடத்தியதால் அதன் நீண்ட அச்சு பூமியின் சுழலச்சுக்கு இணையாக நிற்கிறது. ஒரே அச்சில் சுழற்றியே ஒரு வான்பொருளைப் பல மணி நேரம் தொடர்ந்து பார்க்கலாம். 326.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், அதாவது சுமார் 92 சென்டிமீட்டர் அலைநீளத்தில், தனியாக நின்று அது பிரித்தறியும் நுணுக்கம் மிகக் குறைவு. தொலைதூர ரேடியோ மூலங்களோ சில வினாடிக்கோண அளவுள்ளவை. அவற்றின் உள்வடிவம் அந்தக் கருவிக்கு ஒரே புள்ளிதான்.

நுணுக்கத்தைத் தந்தது நிலவு. அது விண்மீன்களின் பின்னணியில் வினாடிக்கு ஏறத்தாழ அரை வினாடிக்கோணம் நகர்கிறது. ஒரு ரேடியோ மூலத்தின் மேல் அதன் விளிம்பு ஏறும்போது, மூலத்தின் ஒவ்வொரு மெல்லிய கீற்றும் அடுத்தடுத்து மறைகிறது. பதிவாகும் அலை வலிமை படிப்படியாக இறங்குகிறது. எந்தக் கணத்தில் எவ்வளவு இறங்கியது என்பதே அந்தக் கீற்றின் பிரகாசம். மூலம் மறுபக்கம் வெளிப்படும்போது வேறொரு திசையில் இன்னொரு குறுக்குவெட்டு கிடைக்கும். நிலவின் விளிம்பில் அலைகள் வளைவதால் பதிவில் ஏற்ற இறக்கங்கள் தோன்றும். அவற்றைக் கணக்கிட்டு நீக்கும் வழியைப் பீட்டர் ஷாயர் 1962இல் தந்திருந்தார். அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் சிரில் ஹசார்ட் குழுவினர் 3சி 273 என்ற மூலத்தை நிலவு மறைத்ததைப் பதிவுசெய்து இடத்தைத் துல்லியமாகக் குறித்தனர். மார்ட்டின் ஷ்மிட் 1963இல் அது மிகத் தொலைவிலுள்ள குவாசர் என்று கண்டார். முத்தோரையில் இது தனி நிகழ்வாக நிற்காமல் ஒரு பெரும் திட்டமாயிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூலங்களின் உள்ளமைப்பை அது அளந்தது. மங்கலான மூலங்கள் கோண அளவிலும் சிறியவை என்று ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் 1975இல் காட்டியது, பிரபஞ்சம் காலத்தோடு மாறிவருகிறது என்ற கருத்துக்கு வலு சேர்த்தது.

கணிதக் கண்ணோடு பார்த்தால் ரைஸ் கேமராவும் முத்தோரையும் ஒரே குடும்பம். இரண்டிலும் ஒவ்வொரு பதிவும் ‘மறைக்கப்படாத எல்லாவற்றின் கூட்டுத்தொகை’. வேறுபாடு மறைப்பில் இருக்கிறது. நிலவின் மறைப்பு படிபோல் முன்னேறும் ஒற்றை விளிம்பு. அடுத்தடுத்த இரு பதிவுகளைக் கழித்தால்தான் ஒரு கீற்று கிடைக்கும். கழிக்கும்போது இரண்டின் இரைச்சலும் சேர்ந்துகொள்ளும். பாதிப் புள்ளிகளைக் கலக்கும் மறைப்புகள் அந்தக் குறையை ஈடுகட்டும். உணரியின் சொந்த இரைச்சல் மாறாமல் இருக்கும் நிலையில், புள்ளி புள்ளியாக அளப்பதைவிட ஹடமார்டு வகை மறைப்புகளால் (பாதிப் புள்ளிகளைக் கணித ஒழுங்கில் கலப்பவை) 4,096 புள்ளிப் படத்தில் இரைச்சலுக்கு எதிரான சமிக்ஞை ஏறத்தாழ 32 மடங்கு உயரும். ரேடியோ வானியல் அத்தகைய உணரி இரைச்சல் மேலோங்கிய துறைதான். ஆனால் வானம் கொடுத்தது ஒரே மறைப்பு, அதுவும் அதன் வசதிப்படி.

இன்னொரு வேறுபாடு முக்கியமானது. ஷாயரின் முறையில் காட்சி ஐதானது என்ற முன்னனுமானம் கிடையாது. எவ்வளவு நுணுக்கம் வேண்டும், அதற்காக எவ்வளவு இரைச்சலைச் சகிக்கலாம் என்பதை மட்டுமே ஆய்வாளர் தீர்மானிக்கிறார். அளந்தது எதுவோ அதுவே விடை, சற்று மங்கலாக.

அனுமானம் நுழைந்தது அடுத்த தலைமுறையில். பல தொலைநோக்கிகளை இணைத்துப் படமெடுக்கும்போது தரவில் ஓட்டைகள் விழுகின்றன. 1974இல் யான் ஹோக்பாம் முன்வைத்த ‘கிளீன்’ முறை, வானம் ஒருசில ஒளிப்புள்ளிகளால் ஆனது என்று வைத்துக்கொண்டு ஓட்டைகளை நிரப்பியது. புள்ளி மூலங்களுக்கு அது அபாரமாக வேலை செய்தது. பரந்து விரிந்த மூலங்களில் இல்லாத வரிகளைப் போட்டது. சுருக்க உணர்தலுக்கு முப்பது ஆண்டுகள் முன்பே அதன் வெற்றியும் நோயும் இங்கே தெரிந்துவிட்டன. போட்டியாக வந்த ‘பெரும என்ட்ரோபி’ முறையை அதன் ஆதரவாளர்கள் தகவல் கோட்பாட்டின் தவிர்க்க முடியாத விளைவாகவே முன்னிறுத்தினர். பெங்களூர் ராமன் ஆய்வு நிறுவனத்தில் இருந்த ராஜாராம் நித்யானந்தா, சென்னைப் பல்கலைக்கழகப் பட்டதாரியான ரமேஷ் நாராயண் ஆகிய இருவரும் 1982இல் அந்த மரியாதையை நீக்கினர். என்ட்ரோபிக்குப் பதில் அதைப் போன்ற குணமுள்ள வேறு சார்புகளும் அதே வேலையைச் செய்யும். அவை படத்தை நேர்மதிப்பில் வைத்து, பின்னணியைத் தட்டையாக்கி, உச்சங்களைக் கூர்மையாக்குகின்றன, அவ்வளவுதான் என்பது அவர்கள் நிலை. தேர்வு விதியை இயற்கையின் விதியாக எண்ணாமல் ஆய்வாளரின் தேர்வாகக் காணும் இந்த நோக்கு, ஒற்றைப் பிக்சல் கேமராவைப் பற்றிய எழுத்துகளில் போதிய அளவு இல்லை என்பது என் கணிப்பு.

5. செலவு எங்கே போகிறது

‘எல்லாவற்றையும் அளந்துவிட்டுப் பிறகு ஏன் தூக்கியெறிய வேண்டும்?’ என்பது சுருக்க உணர்தலின் புகழ்பெற்ற நியாயம். கைபேசி ஒரு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளை அளந்து, ஜேபெக் கோப்பாக்கும்போது பெரும்பகுதியை விடுகிறது. அந்த வீண் அளவீட்டைத் தவிர்க்கலாமே என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இந்த வாதம் எடுபடாது. சிலிக்கான் உணரிகள் அவ்வளவு மலிவு. வீண் அளவீடு ஏறத்தாழ இலவசம்.

ஒற்றைப் பிக்சல் கேமராவில் சேமிப்பு உணரியில், செலவு நேரத்தில். நுண்ணாடிச் சில்லு வினாடிக்குச் சுமார் 22,000 முறை வடிவம் மாற்றும் என்று கொள்வோம். 1.2 கோடிப் புள்ளிகளை முழுதாக அளக்க ஒன்பது நிமிடம். பத்தில் ஒரு பங்கு அளந்தாலும் ஏறத்தாழ ஒரு நிமிடம். அதற்குள் மேல்மலையனூரில் ஊஞ்சல் பலமுறை போய்வந்திருக்கும். வெவ்வேறு சமன்பாடுகள் வெவ்வேறு காட்சிகளைப் பற்றிப் பேசும்போது தீர்வு குழம்பும். சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற அஸ்வின் சங்கரநாராயணன் 2012இல் கிறிஸ்டோஃப் ஸ்டூடர், பரானியுக் ஆகியோருடன் இதற்கு ஒரு வழி சொன்னார்: முதலில் குறைந்த நுணுக்கத்தில் ஒரு முன்னோட்டப் படம், அதிலிருந்து எது எங்கே நகர்கிறது என்ற மதிப்பீடு, பிறகு அந்த நகர்வைச் சேர்த்து முழுக் காணொளி. புத்திசாலித்தனமான தீர்வு. அதோடு இன்னோர் அனுமானமும் உள்ளே வந்துவிடுகிறது.

ஒளியின் கணக்கு இதைவிடக் கறாரானது. ஒரு வடிவத்துக்குக் கிடைக்கும் நேரம் வினாடியின் 22,000இல் ஒரு பங்கு. ஒவ்வோர் அளவீடும் மொத்த ஒளியின் பாதியைச் சுற்றியே இருக்கும். தகவல் அந்தப் பாதியிலிருந்து ஏற்படும் சிறு விலகல்களில்தான் இருக்கிறது. ஆகவே உணரி ஒன்றே ஆனாலும் அது மிக நுட்பமாக எண்ண வேண்டும். மேலே சொன்ன 32 மடங்கு ஆதாயமும் உணரியின் சொந்த இரைச்சல் மேலோங்கும்போது மட்டும். ஒளித்துகள்கள் ஒழுங்கின்றி வந்து விழுவதே இரைச்சலாக இருக்கும் நிலையில் அந்த ஆதாயம் கரைந்துவிடும். நம் அமாவாசை இரவில் இதன் விளைவு வேடிக்கையானது. சூடத்தின் ஒளி பாதி அளவீடுகளில் கலந்திருக்கிறது. அதன் துகள் இரைச்சலும் அவற்றில் கலந்திருக்கிறது. கணக்கு முடிந்து படம் வரும்போது அந்த இரைச்சல் எல்லாப் புள்ளிகளுக்கும் பங்கிடப்படும். சுடர்கள் தெளிவாக வரும். சுடருக்குப் பக்கத்தில் மங்கலாகத் தெரிந்திருக்க வேண்டிய முகங்கள் அந்த இரைச்சலில் மூழ்கும். ஐதான படத்தை விரும்பும் கணிதம் அவற்றைச் சுழியாக்கித் துடைத்தும்விடும்.

எனவே இந்தக் கேமராவின் உண்மையான இடம் உணரி விலையுயர்ந்ததாக அல்லது கிடைக்காததாக இருக்கும் அலைநீளங்கள். அகச்சிவப்பில் இண்டியம் காலியம் ஆர்சனைடு உணரி வரிசைகள் சிலிக்கானைவிடப் பன்மடங்கு விலை. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மைல்ஸ் பாட்ஜெட் குழுவினர் மீத்தேன் கசிவைக் காட்டும் ஒரு கருவியை 2017இல் செய்துகாட்டினர். 1.65 மைக்ரோமீட்டர் லேசர், 256 ஹடமார்டு மறைப்புகள், ஒரே உணரி, வினாடிக்கு ஏறத்தாழ 25 படங்கள். படத்தின் நுணுக்கம் வெறும் 16 × 16. அதை மென்மையாக்கிச் சாதாரண கேமரா எடுத்த வண்ணப் படத்தின் மேல் பதித்தனர். இங்கே புள்ளிகள் எத்தனையோ மறைப்புகளும் அத்தனையே. அளவீட்டில் சிக்கனம் இல்லை, ஊகமும் இல்லை. ஒற்றைப் பிக்சல் கேமராவும் சுருக்க உணர்தலும் பிரிக்க முடியாத இரட்டையர் என்ற எண்ணம் இதனால் விலகுகிறது. எக்ஸ் கதிரில் லென்சே கடினம். 2015 செப்டம்பர் 28இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் ஒரு கருவி, துளைகளும் மறைப்புகளும் கலந்த தகட்டின் நிழலை 16,384 உணரிப் புள்ளிகளில் பதித்துக் கணக்கிட்டு வான்மூலங்களைக் காண்பது அதனால்தான்.

மருத்துவத்தில் செலவு நோயாளியின் நேரம். எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பவருக்கு அளவீடு குறைவது நேரடியான நன்மை. சுருக்க உணர்தல் மிகப் பரவலாகப் பயன்படும் துறை கேமரா அன்று, இதுவே. 2017இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இத்தகைய ஸ்கேன் முறைகளுக்கு அனுமதி அளித்தது. மருத்துவப் படங்களைக் கணக்கிட்டு உருவாக்கும் வழக்கத்தின் தொடக்கக்கதையிலும் தமிழ்நாட்டுத் தொடர்பு ஒன்றைக் காணலாம். சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையைக் கட்டியெழுப்பிய ஜி.என். ராமச்சந்திரனும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் 1971இல் வெளியிட்ட முறை, பல திசை எக்ஸ் கதிர்ப் பதிவுகளிலிருந்து குறுக்குவெட்டுப் படத்தை நேரடியாகக் கணக்கிட வழி செய்தது. சி.டி. ஸ்கேன் உலகில் ‘ராம்–லாக்’ வடிகட்டி என்பது இன்றும் வழங்கும் பெயர். அந்த வகை முறைகள் நிறையத் திசைகளைக் கேட்கும். காண்டெஸ் குழுவினர் 512 × 512 புள்ளிகள் கொண்ட ஒரு மாதிரித் தலைப் படத்தை வெறும் 22 திசைக் கோடுகளிலிருந்து பிழையின்றி மீட்டுக்காட்டியதே சுருக்க உணர்தலைப் பலருடைய கவனத்துக்குக் கொண்டுவந்தது. அந்த மாதிரித் தலை தட்டையான நீள்வட்டங்களால் ஆன வரைபடம் என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது. அது மேல்மலையனூர் இரவின் இனம்; ராஜகிரியின் இனமன்று.

6. அனுமானத்தின் விலை: திருநாதர்குன்றில் ஒரு சோதனை

செஞ்சிக்கு அருகிலேயே இந்த விவாதத்தைக் கூர்மையாக்கும் ஒரு பாறை இருக்கிறது. திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் உருவங்களும், உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்ற சமண ஆசிரியரைப் பற்றிய கல்வெட்டும் உள்ளன. தமிழி எழுத்து வட்டெழுத்தாக மாறிக்கொண்டிருந்த காலத்தைச் சேர்ந்தது என்பதே அக்கல்வெட்டின் பெருமதிப்பு. அதன் எழுத்துகள் முன்னதையும் முழுதாக ஒத்திரா. பின்னதையும் முழுதாக ஒத்திரா.

இப்படிப்பட்ட தேய்ந்த கல்வெட்டை, பொறிப்பு நன்கு தெரியக்கூடும் ஏதோ ஓர் அகச்சிவப்பு அலைநீளத்தில், குறைந்த அளவீடுகளால் படமெடுப்பதாகக் கற்பனை செய்வோம். மீட்கும் நிரலுக்கு இன்று வெறும் ‘ஐதானது’ என்ற விதி மட்டும் கொடுப்பதில்லை. ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிப் பயிற்றுவித்த நரம்பணு வலையமைப்பையே விதியாக வைக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் கௌஷிக் மித்ரா குழுவினரும், அதே நிறுவனத்தில் பயின்று ரைஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் அசோக் வீரராகவனும் இணைந்து, லென்சே இல்லாத கேமராவின் குழம்பிய பதிவிலிருந்து நிழற்படத் தரத்தில் காட்சியை மீட்கும் வலையமைப்பை 2019இல் வெளியிட்டனர். பழைய முறைகளோடு ஒப்பிட்டால் கண்ணுக்கு அது எவ்வளவோ இனிமை. ஆனால் நம் பாறைக்கு அத்தகைய வலையமைப்பை எதைக் காட்டிப் பயிற்றுவிப்பது? நன்கு தெரிந்த தமிழி எழுத்துகளையும் நன்கு தெரிந்த வட்டெழுத்துகளையும்தான். இடைப்பட்ட வடிவம் ஒன்று அளவீட்டில் மங்கலாக வந்தால், நிரல் அதை இரண்டில் எது அருகிலோ அதுவாகத் திருத்திக் கூர்மையாகக் காட்டும். எழுத்தியல் வரலாற்றாசிரியர் தேடிவந்த பொருள் படத்தின் அழகுக்காகத் துடைக்கப்பட்டிருக்கும். அப்படித் துடைக்கப்பட்டது பார்ப்பவருக்குத் தெரியவும் தெரியாது.

இது வீண் அச்சமன்று. வெகார்ட் ஆண்டுன், ஹான்சென் குழுவினர் 2020இல் மருத்துவப் படங்களில் காட்டியது இதைத்தான். பயிற்றுவித்த வலையமைப்புகள் அளவீட்டில் ஏற்படும் மிகச் சிறு மாற்றத்துக்கு இல்லாத உருவங்களை உண்டாக்கின. இருந்த சிறு மாற்றங்களைச் சில சமயம் விழுங்கின. பழைய சுருக்க உணர்தல் முறை தோற்கும்போது படம் வழவழத்து, தோல்வியைப் பெரும்பாலும் தானே காட்டிக்கொடுக்கும். பயிற்சி முறை தோற்கும்போது படம் நம்பும்படியாகவே இருக்கும். ஆய்வுக்கு இரண்டாவது தோல்வி மேலும் ஆபத்தானது.

வானியலாளர்கள் இதற்கு ஒரு நடைமுறையை வகுத்திருக்கிறார்கள். எம்87 விண்மீன்திரளின் கருந்துளைப் படம் 2019 ஏப்ரல் 10இல் வெளியாவதற்கு முன், ஈவென்ட் ஹொரைசன் டெலஸ்கோப் கூட்டமைப்பு நான்கு அணிகளைப் பிரித்து, ஒருவர் படத்தை மற்றவர் பார்க்காமல், வெவ்வேறு விதிகளால் மீட்கச் சொன்னது. நான்கிலும் வளையம் வந்த பிறகே அதை வளையம் என்றனர். தரவுகளையும் பின்னர் பொதுவில் வைத்தனர். அந்தக் கூட்டமைப்பிலும் ரமேஷ் நாராயண் இருந்தார்.

கல்வெட்டாய்விலும் இதற்கு இணையான ஒழுக்கம் நெடுநாளாக உண்டு. பாறையின் மேல் ஈரத்தாளை ஒட்டி, தட்டி, மை ஒற்றி எடுக்கும் மைப்படியை, வாசிப்பு அச்சான பிறகும் தூக்கியெறிவதில்லை. வாசிப்பை ஏற்காத அடுத்த ஆய்வாளர் மைப்படிக்குத் திரும்பிப் போகலாம். கணக்கிட்டு உருவாக்கிய படத்துக்கு மைப்படியாக நிற்கக்கூடியவை இரண்டு: உணரி தந்த மூல எண்கள், அவற்றுக்குரிய மறைப்புகளின் வரிசை. இவை இருந்தால் வேறொரு விதியால் படத்தை மறுபடி மீட்டு, எந்தக் கோடு அளவீட்டில் நிற்கிறது, எந்தக் கோடு அனுமானத்தில் நிற்கிறது என்று பிரித்துப் பார்க்கலாம். 64 × 64 படத்துக்கான 1,600 எண்களும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட் என்றால், மொத்தம் 3,200 பைட். மறைப்புகளையோ குலுக்கலைத் தொடங்கிவைத்த ஒற்றை எண்ணிலிருந்து மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம். இதைச் சேர்த்து வெளியிட இடமில்லை என்று எந்த இதழும் சொல்ல முடியாது.